இளமாறனுக்கு: கூடாரப் பயணத்துக்கு ஒரு பேனாக்கத்தி

அன்புள்ள இளமாறனுக்கு,

ஐப்பசியில் நண்பர்களோடு பூம்பாறைப் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கப் போவதாகவும், அதற்கு எந்தப் பேனாக்கத்தியை வாங்கலாம் என்றும் கேட்டிருந்தாய். பார்ப்பதற்கு மிரட்டலாக இருக்கும் கனத்த மடக்குக் கத்திகளை முதலில் ஒதுக்கிவிடு. வெங்காயம் நறுக்குவது, நைலான் கயிற்றை அறுப்பது, மசாலாப் பொட்டலத்தைப் பிரிப்பது, அடுப்புக்குச் சுள்ளி சீவுவது ஆகியவைதாம் அங்கே அதற்கு வரும் வேலைகள். அவற்றுக்கு 6 முதல் 9 செ.மீ. வரை நீளமுள்ள மெல்லிய அலகு போதும். அலகு தடித்துவிட்டால் காரட் வில்லையாக விழாமல் பிளந்துகொண்டு போகும்.

பிரான்சின் சவாய் மலைப் பகுதியில் 1890 முதல் செய்யப்பட்டுவரும் ஒப்பினெல் கத்தியில் 8ஆம் எண் எனக்கு மிகவும் பிடித்தமானது. அதன் 8.5 செ.மீ. அலகு தக்காளியைக்கூட நசுக்காமல் அரியும். கழுத்திலுள்ள உலோக வளையத்தைத் திருப்பிவிட்டால் அலகு கைமேல் மடங்காது. ஆனால் அதன் பிடி பீச் (beech) மரத்தால் ஆனது. மழையில் நனைந்து மரம் உப்பிவிட்டால் அலகு பள்ளத்திலேயே இறுகிக்கொள்ளும். அப்போது பிடியின் அடிப்பகுதியை ஒரு கல்லில் தட்டித்தான் அதை வெளியே எடுக்க வேண்டும். கார்பன் எஃகில் வாங்கினால் இன்னொரு தொல்லையும் உண்டு: எலுமிச்சம்பழத்தை அறுத்துவிட்டுத் துடைக்காமல் வைத்தால் அலகு கருத்துப்போகும், ஈரத்தில் துருவும் ஏறும். ஐப்பசி மழையில் மலைக்குப் போகிற உனக்கு, துருப்பிடிக்காத எஃகே சரி.

ஆகவே, ஒரே கத்திதான் வாங்க முடியும் என்றால், சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் செய்யும் ஹன்ட்ஸ்மேனை வாங்கு. 1891இல் சுவிஸ் படைவீரர்களுக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கிய கார்ல் எல்சனரின் பட்டறையிலிருந்து வளர்ந்த நிறுவனம் அது. மடக்கினால் 91 மி.மீ., எடை 100 கிராமுக்கும் குறைவு. இரண்டு அலகு, கத்தரிக்கோல், டின் திறப்பான், குத்தூசி என்று பலவும் அதில் இருந்தாலும், நான் அதைச் சொல்வது அதிலுள்ள சிறு ரம்பத்துக்காகத்தான். கட்டைவிரல் பருமனுள்ள காய்ந்த குச்சியை அது சிரமமில்லாமல் அறுத்துவிடும். அதே குச்சியை அலகால் வெட்ட முயல்வதுதான் விரலைக் காயப்படுத்திக்கொள்ளும் வழி. கத்தரிக்கோல் வேண்டாம், வழுக்காத அலுமினியப் பிடி போதும் என்றால் அதே நிறுவனத்தின் ஃபார்மர் இன்னும் உறுதியானது.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இவ்விரண்டிலும் அலகுக்குப் பூட்டு கிடையாது. பிடிக்குள் இருக்கும் வில்லின் (ஸ்பிரிங்) அழுத்தம்தான் அதை விறைப்பாக நிறுத்தி வைத்திருக்கிறது. முனையால் எதையாவது குத்தித் துளைக்க முயன்றால் அது மடங்கி விரல்மேல் விழும். துளை போடுவதற்குக் குத்தூசியையும் கவனமாகவே பயன்படுத்து. விறகைப் பிளக்க அலகின் முதுகில் கட்டையால் அடிக்கவும் கூடாது, மூட்டு தளர்ந்துபோகும்.

விமானத்தில் போவதாக இருந்தால் அதைக் கைப்பையில் வைக்காதே, சோதனையில் பறிமுதல் செய்துவிடுவார்கள். வாங்கியதும் ஒரு வாரம் வீட்டுச் சமையலுக்கு அதையே பயன்படுத்து. சாணைக்கல்லில் தீட்டுவதற்கு, ஊருக்கு வரும்போது நான் சொல்லித்தருகிறேன்.

அன்புடன்,
உன் சித்தப்பா