மேலத்தெருப் பையனுக்குக் கிடைத்தது எனக்கு ஏன் கிடைக்கவில்லை?

அன்புள்ள மாமாவுக்கு,

சிங்கப்பூரில் நிரந்தரமாகத் தங்கும் உரிமையான பிஆர் எனக்குக் கிடைக்காததைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டீர்களே, "இத்தனை வருசமா அங்கயே கெடக்குற, வரி கட்டுற, ஒரு கேஸு கெடையாது. பெறகு எதுக்குடா பிஆர் இல்லங்கிறான்? நீ என்ன தப்பா எழுதிக் குடுத்த?" என்று. பிள்ளைகள் பக்கத்தில் இருந்ததால் வாயைத் திறக்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

தப்பாக எதுவும் எழுதவில்லை மாமா. எல்லாம் ஆன்லைன்தான். பட்டச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டு எல்லாம் ஏற்றவேண்டும். கம்பெனி ஒரு படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டணம். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது திரும்பாது. பிறகு மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும். கடைசியில் வந்தது சின்னக் கடிதம். கவனமாகப் பரிசீலித்தோம், ஏற்க இயலவில்லை, அவ்வளவுதான். ஏன் என்று ஒரு வரி கிடையாது. எனக்கு மட்டுமில்லை, யாருக்குமே காரணம் சொல்வதில்லை. சம்பளம், படிப்பு, வயது, குடும்பம், எத்தனை காலமாக இங்கே இருக்கிறோம், இந்த ஊரோடு ஒட்டுவோமா என்றெல்லாம் பார்ப்பதாக அரசு பொதுவாகச் சொல்கிறது. எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று வெளியே சொல்வதில்லை.

நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் மேலத்தெருப் பையன் கதைக்கு வருகிறேன். வந்து ஒரு வருஷத்திலேயே அவனுக்குக் கிடைத்தது உண்மைதான். எந்த வருஷம் என்று கேட்டீர்களா? 2008. அந்த ஒரே வருஷத்தில் சிங்கப்பூர் 79 ஆயிரம் பேருக்கு மேல் பிஆர் கொடுத்தது. வெளியாட்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று உள்ளூர்க்காரர்கள் முணுமுணுக்க, பிடியை இறுக்கினார்கள். 2010-ல் 29 ஆயிரம்தான். அதற்குப் பிறகும் பல வருஷம் முப்பதாயிரத்தை ஒட்டியேதான் போய்க்கொண்டிருந்தது. அவன் கெட்டிக்காரன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வாசல் அகலமாகத் திறந்திருந்த நேரத்தில் வந்து நின்றவன்.

இன்னொன்றும் உண்டு. சீனர், மலாய்க்காரர், இந்தியர் விகிதம் பெரிதாக மாறாமல் பார்த்துக்கொள்வோம் என்று அரசு ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி குடிமக்கள், பிஆர் இரண்டையும் சேர்த்து இந்தியர் 9 விழுக்காடு. என் ஆபீசில் எட்டிப் பார்த்தால் பாதிப்பேர் ஹைதராபாத்தும் சென்னையும்தான். எல்லோரும் அந்த ஒரே வரிசையில் நிற்கிறோம். ஒரு சின்ன நாடு தன் கணக்கைத் தான் பார்த்துக்கொள்வதைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கேட்பவனுக்குக் காரணத்தைச் சொல்லலாம். அந்த வருத்தம் இருக்கிறது.

தாத்தாவை இழுத்தீர்கள். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப்போய் சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் உழைத்தவருடைய பேரனுக்கா இல்லை என்கிறார்கள் என்று. 1971-ல் வெள்ளைக்காரப் படை மூட்டைகட்டியபோது நம்மாட்கள் நிறையப்பேர் ஊர் திரும்பினார்கள், தாத்தாவும் திரும்பிவிட்டார். பிஆர்களுக்குக் கொடுக்கும் நீல அட்டை அவர் பெட்டியில் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் விண்ணப்பத்தில் தாத்தாவுக்கென்று கட்டம் கிடையாது மாமா.

பிஆர் இல்லாததால் என்ன குறை என்றும் கேட்டீர்கள். கௌரவத்தை விடுங்கள். வேலை போனால், இங்கே வேலை செய்ய அரசு தந்த பாஸை ரத்துசெய்த நாளிலிருந்து பொதுவாக முப்பது நாள்தான். அதற்குள் வேறு வேலை பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் வீட்டைக் காலிசெய்து, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டு கிளம்பவேண்டும். பாஸைப் புதுப்பிப்பதும் முன்போல இல்லை. 2024 செப்டம்பரிலிருந்து அதற்கும், சம்பளம், படிப்பு போன்றவற்றுக்குப் போடும் புள்ளிகளில் பொதுவாக 40 வேண்டும். அதில் ஒரு பிரிவு, எந்தெந்த நாட்டுக்காரர்கள் எத்தனைபேர் என்பது. கம்பெனியின் மேல்நிலை வேலைகளில் கால்வாசிக்கு மேல் ஒரே நாட்டுக்காரர்களாக இருந்தால், அந்தப் பிரிவில் அவர்களுக்குப் பூஜ்யம். எனக்கு அங்கே என்ன விழுந்திருக்கும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

எல்லாவற்றையும்விட மத்திய சேமநிதி, அதாவது சிபிஎஃப். நம்மூர் பிஎஃப் மாதிரி. குடிமக்களுக்கும் பிஆர்களுக்கும் மாதாமாதம் முதலாளி ஒரு பங்கு போடுவார். என்னைப்போல பாஸில் இருப்பவனுக்கு அது கிடையாது. "அடுத்த வருசம் பிஆர் வந்துரும், பெறகு சிபிஎஃப் ஏறும்" என்றே காலத்தை ஓட்டி, ஐம்பது வயதில் கையில் ஒன்றுமில்லாமல் ஊர் திரும்பியவர்களைத் இந்தியர் அதிகம் கூடும் தேக்கா காப்பிக்கடைகளில் வழியனுப்பியிருக்கிறேன். அதனால் மருதாயியும் நானும் பேசி, பாதிச் சம்பளத்தைத் தொடுவதில்லை என்று வைத்திருக்கிறோம். பிஆர் வந்தாலும் வராவிட்டாலும் அது அப்படியே.

மறுபடி போடுவேனா? இப்போதைக்கு இல்லை. பெரியவனுக்குப் பதினொரு வயது. அப்பா வழியில் பிஆர் வாங்கிய ஆண்பிள்ளை, பதினெட்டு வயதுவாக்கில் இரண்டு வருஷம் தேசிய சேவைக்குப் போகவேண்டும். சேவை செய்யாமல் பிஆரை உதறிவிட்டுப் போனால், பின்னாளில் அவன் இங்கே படிக்க, வேலைக்கு வர விண்ணப்பிக்கும்போது அது அவனுக்கு எதிராக நிற்கும். அத்தை "பட்டாளமா!" என்று பதறுவார்கள். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் அவனுடைய இரண்டு வருஷத்தை அவனைக் கேட்காமல் நான் எழுதிக்கொடுக்கக் கூடாது. இன்னும் கொஞ்சம் விவரம் தெரியட்டும், உட்காரவைத்துப் பேசிவிட்டு முடிவுசெய்கிறேன்.

கடைசியாக ஒன்று. தஞ்சாவூரில் யாரோ ஏஜெண்ட் "உள்ள ஆள் இருக்கு, முடிச்சுத் தர்றேன்" என்று சொல்லி உங்களிடம் முன்பணம் வாங்கியிருக்கிறானாம், அத்தை சொன்னார்கள். அப்படி உள்ளே ஆள் வைத்து முடிக்கும் வழியே இங்கே கிடையாது. நான் நிரப்பிய அதே படிவத்தைத்தான் அவனும் நிரப்பவேண்டும். நாளைக்கே பஸ் ஏறிப்போய்ப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். கையோடு சின்னத்தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்கள் தனியாகப் போனால் காப்பி வாங்கிக்கொடுத்தே அனுப்பிவிடுவான். ரசீது எழுதி வாங்கினீர்களா, இல்லையா?

அன்புடன்,
உங்கள் மருமகன்