டையில் இருந்த பெயர்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, யாரென்றே தெரியாமல் இறந்து கிடந்த சோமர்டன் கடற்கரை மனிதர் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1948 டிசம்பர் 1ஆம் தேதி காலை, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரை ஒட்டிய கடற்கரையில், தடுப்புச் சுவரில் தலை சாய்த்தபடி கிடந்த அந்த உடலை கட்டுரையாளர் கண்முன் கொண்டுவந்துவிட்டார். ஆனால், ரஷ்ய உளவாளியாகத்தான் இருக்க வேண்டும் என்று முடித்திருப்பது எனக்கு மிகவும் வருத்தம். அவர் யார் என்று 2022 ஜூலையில் வெளியான அறிவிப்பைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

நானும் பல ஆண்டுகள் உளவாளிக் கதையை நம்பியவன்தான். எங்கள் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை எந்த ஆங்கில நூலை வைத்து உமர் கய்யாமைத் தமிழில் பாடினாரோ, அந்த ஃபிட்ஸ்ஜெரால்டு நூலின் கடைசிச் சொற்கள்தான் இறந்தவரின் பையில் கிடைத்த காகிதத் துண்டில் இருந்தன: ‘தமாம் ஷுத்’, அதாவது முடிந்தது. நாஞ்சில் நாட்டுக்காரனான எனக்கு இந்த வழக்கின் மேல் ஈர்ப்பு வந்ததே அதனால்தான். அந்தத் துண்டு கிழிக்கப்பட்ட புத்தகமும் பிறகு கிடைத்தது. அதன் பின்புறம் சங்கேதம் போல ஐந்து வரி ஆங்கில எழுத்துகள், ஒரு தொலைபேசி எண். உடைகளில் லேபிள்கள் இல்லை. பனிப்போர் தொடங்கிய நேரம் வேறு. அதே மாநிலத்தில் வூமரா ராக்கெட் சோதனைத் தளம். இவ்வளவும் சேர்ந்தால் உளவாளி என்று யாருக்குத்தான் தோன்றாது?

ஆனால் 1949 ஜனவரியில் அடிலெய்டு ரயில் நிலையத்தில் அவருடைய பெட்டி கிடைத்தபோது, அதிலிருந்த டையிலும் பனியனிலும் சலவைப் பையிலும் ‘கீன்’ என்ற பெயர் இருந்தது. அந்தப் பெயரில் காணாமல் போனவர் யாரும் இல்லை. இறந்தவர் பெயர் அது இல்லை என்று தெரிந்தே யாரோ விட்டுவைத்திருக்கிறார்கள் என்று அன்றைக்கு முடிவு கட்டினார்கள். ஊகம் செய்த எங்களைப் போன்றவர்களும் அதைத் தாண்டிச் சங்கேத எழுத்துகளுக்குள் போய்விட்டோம்.

2022இல் அடிலெய்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டெரெக் அபோட்டும், அமெரிக்காவின் மரபணு வம்சாவளி ஆய்வாளர் கொலீன் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் ஒரு பெயரைச் சொன்னார்கள்: கார்ல் வெப். 1905இல் மெல்போர்னின் ஃபுட்ஸ்கிரேயில் பிறந்தவர். மின்சாரக் கருவிகள் செய்யும் தொழில். 1949இல் உடலைப் புதைக்கும் முன் எடுத்த பிளாஸ்டர் வார்ப்பில் ஒட்டியிருந்த முடியிலிருந்து மரபணுவைப் பிரித்து, தூரத்துச் சொந்தங்களைத் தேடி, சுமார் 4000 பேர் கொண்ட வம்சாவளியை வரைந்து, அதில் இறப்புப் பதிவே இல்லாத ஒருவரிடம் வந்து நின்றார்கள். அந்த வெப்பின் அக்காள் கணவர் பெயர் தாமஸ் கீன்!

அத்தான் கொடுத்த பழைய துணியாக இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் 1948 நடுப்பகுதி வரை துணிக்கு ரேஷன் இருந்தது. உடை கைமாறுவது எந்தக் குடும்பத்திலும் நடப்பதுதான். வெப்பின் மனைவி பிரிந்து போயிருந்தார். 1951இல் அவர் விவாகரத்து கேட்டபோது இருந்தது தெற்கு ஆஸ்திரேலியாவின் பியூட் என்ற சிற்றூரில். அவரைத் தேடித்தான் வெப் அடிலெய்டுக்கு வந்திருப்பார் என்கிறார் அபோட். இதுவும் ஊகம்தான். எப்படி இறந்தார் என்பதற்கு இன்றும் பதில் இல்லை.

என்னை உண்மையில் வேதனைப்படுத்துவது வேறு. அந்தத் தொலைபேசி எண் அருகில் வசித்த ஒரு நர்ஸுடையது. அவர் உயிரோடு இருந்தவரை அவரும், இறந்த பிறகு அவர் குடும்பமும் இந்த ஊகங்களின் பாரத்தைச் சுமந்தார்கள். காதலி என்றார்கள், ஒற்றர் என்றார்கள், விஷம் வைத்தவர் என்றுகூட எழுதினார்கள். காது மடலின் அமைப்பையும் இல்லாத பற்களையும் ஒப்பிட்டு, அவருடைய மகன் இறந்தவரின் பிள்ளை என்றார்கள். அந்தக் காது ஒப்பீட்டை வலுவாக முன்வைத்தவர்களில் ஒருவர் அபோட்டேதான். கடைசியில் அவர் நடத்திய மரபணுச் சோதனையிலேயே அந்த உறவு இல்லை என்று தெரிந்தது. அதை அவரே வெளியே சொன்னார். இந்த நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். அவர் போலீஸ்காரர் அல்ல, மின்பொறியியல் பேராசிரியர். பொழுதுபோக்காக ஆராய்பவர்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சோதித்துப் பார்க்க வழியில்லாத ஒரு கதையை ஒரு பெண்ணின் பெயரோடு கட்டிவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். அவர் எண் அந்தப் புத்தகத்துக்கு எப்படி வந்தது என்பதற்கு வெப்பின் பெயர் விளக்கம் தரவில்லை. சரி, அதைத் தெரியாததாகவே விட்டுவைக்கலாமே.

தெற்கு ஆஸ்திரேலியக் காவல்துறை 2021 மே மாதம் உடலைத் தோண்டியெடுத்துத் தனியாகச் சோதனையைத் தொடங்கியது. 2022 அறிவிப்பை அது உடனே உறுதிசெய்யவில்லை என்பதையும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும்.

அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் போட்டால் மகிழ்வேன். அந்த நர்ஸின் படத்தை நீக்கிவிடுங்கள். ‘மர்ம மனிதர்’ என்று எழுதிய இடத்தில் கார்ல் வெப் என்ற பெயரைப் போட்டு, பக்கத்திலேயே ‘காவல்துறையின் உறுதிப்பாடு தனி’ என்றும் ஒரு வரி சேருங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
நாகர்கோவில்