டிம்பர்ஜாக் ஸ்கிடரின் எஞ்சின் மறுசீரமைப்பில் நேர்ந்த தவறுகள் தொடர்பான முறைப்பாடு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
ஏப்ரல் 28

முகாமைப் பணிப்பாளர் அவர்கட்கு,
கொழும்பு 14.

ஐயா,

இவ்வாண்டு ஜனவரி 9ஆம் திகதி தங்கள் வேலைத்தளத்தில் நான் ஒப்படைத்து, மார்ச் 21ஆம் திகதி முழுத் தொகையான ரூபா 1,340,000ஐயும் செலுத்திப் பெற்றுக்கொண்ட டெட்ரோயிட் டீசல் 3-53 எஞ்சின், வண்டியில் பொருத்தி இயக்கிய முதல் நாளிலேயே கட்டுமீறி ஓடிச் சேதமடைந்துவிட்டது. எஞ்சினின் வயதே இதற்குக் காரணம் என்று தங்கள் மேற்பார்வையாளர் தொலைபேசியில் சொன்னதை நான் ஏற்கவில்லை. தங்கள் வேலைத்தளத்தில் செய்யப்பட்ட இரண்டு காரியங்களே காரணம் என்பதையும், அவற்றுள் ஒன்றுக்குத் தங்கள் பற்றுச்சீட்டே சாட்சி என்பதையும் இக்கடிதத்தில் விளக்குகிறேன்.

முதலில் இந்த எஞ்சின் எதற்குரியது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் என்னுடன் பேசிய ஒவ்வொரு முறையும் தங்கள் மேற்பார்வையாளர் அதனை “அந்தப் பழைய உழவு இயந்திரம்” என்றே குறிப்பிட்டார். வெட்டி வீழ்த்திய மரக்குற்றிகளைக் காட்டிலிருந்து பாதை வரைக்கும் இழுத்து வருவதற்கென்றே கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள வூட்ஸ்டொக் நகரத்து நிறுவனம் ஒன்று உருவாக்கிய டிம்பர்ஜாக் 230 ரக ஸ்கிடர் அது. அதன் நான்கு சில்லுகளும் ஒரே அளவானவை. நான்குக்கும் எஞ்சினின் விசை போகும். திருப்பும்போது முன்சில்லுகள் மட்டும் தனியே திரும்புவதில்லை. வண்டியின் உடலே நடுவில் கதவுக்குக் கீல் வைத்ததுபோல இரு துண்டாக இணைக்கப்பட்டிருக்க, ஐதரோலிக் சிலிண்டர்கள் அதனை வளைத்துத் திருப்புகின்றன. பின்சில்லு முன்சில்லின் தடத்திலேயே வருவதால் அடிக்கட்டைகளுக்கு இடையில் நெளிந்து போக முடிகிறது. முன்னால் மண் தள்ளும் தகடும் பின்னால் கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் வின்சும் இருக்கும். கம்பிவடத்தால் குற்றியின் ஒரு முனையை உயர்த்திப் பிடித்து, மறுமுனை நிலத்தில் உராய இழுத்துச் செல்வது அதன் வேலை. நம் நாட்டில் யானைகளைக் கொண்டு செய்துவந்த வேலை அது.

“இதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள், மரம் தறிக்கத்தான் விடமாட்டார்களே” என்றும் அந்த மேற்பார்வையாளர் கேட்டார். முறைப்பாட்டுக்கு இது தேவையற்றதாயினும் பதில் சொல்கிறேன். சிங்கராஜ வனத்துக்குள் 1970களில் இயந்திரங்களைக் கொண்டு மரம் தறித்ததும், எதிர்ப்பின் பின்னர் அது நிறுத்தப்பட்டதும், 1988இல் அந்த வனம் உலக மரபுரிமைத் தலமானதும், 1990இல் நாட்டின் இயற்கைக் காடுகளில் மரம் தறிப்பது தடைசெய்யப்பட்டதும் நான் அறிந்தவையே. அந்தத் தடை சரியானது என்பதே என் எண்ணம். ஆமர் வீதியில் மரக்காலை நடத்திய என் தகப்பனார் இப்படிப்பட்ட இயந்திரங்களைப் பற்றிச் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். ஹங்வெல்லைக்கு அருகில் பழைய இரும்புக்குப் போகவிருந்த இந்த வண்டியைக் கண்டபோது விட்டுவிட்டு வர மனம் இடங்கொடுக்கவில்லை. மகாவலித் திட்ட காலத்தில் நிலம் வெளியாக்குவதற்காக வந்தது என்று முன்னைய உரிமையாளர் சொன்னார். திருத்தியெடுத்த பின்னர், மறுநடுகைக்காக முதிர்ந்த றப்பர் மரங்களை அகற்றும் என் உறவினரின் தோட்டத்தில் இடையிடையே ஓட்டிப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் இல்லை. டிம்பர்ஜாக் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் ஜோன் டியரின் கைக்குப் போய்விட்டது. இத்தனை பழைய வண்டிக்கு ஒரு சிறு துண்டு தொலைந்தாலும் கொழும்பில் தேடி எடுப்பது எவ்வளவு சிரமம் என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி எஞ்சினுக்கு வருகிறேன். இது டூ ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின். சிலிண்டர் ஒன்றுக்கு 53 கன அங்குலம், மூன்று சிலிண்டர் என்பதையே 3-53 என்ற பெயர் குறிக்கிறது. தானாகக் காற்றை உறிஞ்சும் தன்மை இதற்கு இல்லாதபடியால், பக்கத்தில் பூட்டப்பட்ட புளோவர் காற்றை அடித்துச் சிலிண்டர்களைச் சூழ்ந்துள்ள காற்றறைக்குள் தள்ளும். சிலிண்டரின் உட்புற உறையான லயினரின் இடையிலுள்ள துவாரங்கள் வழியாக அக்காற்று சிலிண்டருக்குள் நுழையும். இந்தக் காற்றறையில் எப்போதும் கொஞ்சம் ஒயிலும் ஈரமும் சேரும், அதிலும் மெதுவாக ஓடவிட்டால் கூடுதலாகச் சேரும். அதனை வெளியேற்றுவதற்கென்றே தயாரிப்பாளர் எஞ்சினின் பக்கத்தில் ஒரு சிறிய வடிகுழாயை வைத்திருக்கிறார். அதன் நுனியிலிருந்து கறுத்த ஒயில் துளித்துளியாக விழும். பார்ப்பதற்கு அழுக்காகத்தான் இருக்கும், ஆனால் இந்த எஞ்சின்களோடு பழகிய எவரும் அதைக் கண்டு கவலைப்படுவதில்லை. சொட்டாமல் நின்றால்தான் கவலைப்படுவார்கள்.

தங்கள் பற்றுச்சீட்டின் பதினேழாவது வரியைத் தயவுசெய்து பார்க்கவும். “ஒயில் கசிவு நிறுத்தியமை, ரூபா 18,500” என்று அதில் உள்ளது. எங்கே கசிந்தது, எதனை மாற்றி நிறுத்தினார்கள் என்ற விபரம் இல்லை. எஞ்சின் நின்றுபோன பிறகு குனிந்து பார்த்தபோதுதான் அந்த வடிகுழாய் கழற்றப்பட்டு, அதன் துவாரத்தில் ஒரு போல்ட் இறுக்கப்பட்டு, மேலே பசையும் பூசப்பட்டிருப்பதைக் கண்டேன். அழகாக வர்ணமும் அடித்திருந்தார்கள். வெளியேற வேண்டிய ஒயிலை உள்ளேயே அடைத்து வைப்பதற்கு நான் பணம் கொடுத்திருக்கிறேன்.

இரண்டாவது காரியம் இதனிலும் பாரதூரமானது. எரிபொருளை நிறுத்தியும் நிற்காத நிலை இவ்வகை எஞ்சின்களுக்கு வரக்கூடும். காற்றறையில் தேங்கிய ஒயில் சிலிண்டருக்குள் போனால் அதையே எரித்துக்கொண்டு எஞ்சின் ஓடும், வேகத்தை மட்டுப்படுத்தும் கவர்னரின் கட்டுப்பாட்டுக்கு அடங்காது. அப்படியான நேரத்தில் காற்றை அடைத்தே அதை நிறுத்த வேண்டும். அதற்காகப் புளோவருக்குக் காற்றுப் போகும் வழியில், கம்பியை இழுத்தால் விழுந்து மூடிக்கொள்ளும் ஒரு தகட்டுக் கதவு உண்டு. நான் ஒப்படைத்த எஞ்சினில் அந்தக் கதவு, அதன் தண்டு, சுருள்வில் எல்லாம் இருந்தன என்பதற்கு ஜனவரி 9ஆம் திகதி எடுத்த படங்கள் என்னிடம் உள்ளன. திரும்பி வந்தபோது வெறும் கூடு மட்டுமே இருந்தது. பொருத்தும் நாளில் இதைக் கவனித்துத் தொலைபேசியில் கேட்டேன். “அது காற்றை மறைக்கிற தேவையில்லாத சாமான், கழற்றிவிட்டோம்” என்று பதில் வந்தது. அன்றே வேலையை நிறுத்தியிருக்க வேண்டும் என்பது இப்போது எனக்கும் தெரிகிறது. இரண்டரை மாதம் காத்திருந்தவனின் அவசரம் என்று அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 29ஆம் திகதி காலை, முப்பது வருடங்களுக்கு மேல் கனரக இயந்திரங்களில் வேலை செய்த ஒரு பாஸின் (கைதேர்ந்த திருத்துநரின்) துணையுடன் எஞ்சினை இயக்கினோம். உடனே பிடித்துக்கொண்டது. ஒயில் அமுக்கம் சரியாக இருந்தது, சத்தமும் நன்றாகவே இருந்தது. ஏறத்தாழ இருபது நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, பின்னர் வேகத்தைச் சற்றுக் கூட்டியபோது புகை திடீரென வெண்ணீலமாக மாறியது. வேகம் தானாகவே ஏறத் தொடங்கியது. எரிபொருளை முற்றாக நிறுத்தியும் பயனில்லை. இந்த வகை எஞ்சினுக்கு நிமிடத்துக்கு 2,800 சுற்றே உச்ச அளவு. அன்று அது எத்தனை சுற்றைத் தொட்டது என்று பார்க்க எவரும் பக்கத்தில் நிற்கவில்லை. முதல் ஓட்டத்தின்போது ஏர் கிளீனர் குழாயைக் கழற்றிவிட்டு அருகில் ஒரு தடித்த பலகையை வைத்திருப்பது பழைய ஆட்களின் பழக்கம். கதவு இல்லை என்று தெரிந்ததால் பாஸ் அப்பலகைக்கு ரியூப் றப்பரும் ஒட்டி வைத்திருந்தார். அவர் அதைக் காற்று வாயில் அழுத்திப் பிடித்ததால்தான் எஞ்சின் நின்றது. அரை நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்காது. அறுபத்தெட்டு வயதான ஒரு மனிதர், கட்டுமீறி ஓடும் எஞ்சின் ஒன்றின் முன்னால் பலகையுடன் போய் நிற்க நேர்ந்தது என்பதைத் தாங்கள் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 2ஆம் திகதி பதிவுத் தபாலில் இதனைத் தெரிவித்து, தங்கள் ஆள் ஒருவர் வந்து பார்க்கும் வரை எஞ்சினைத் திறக்கமாட்டேன் என்றும் எழுதினேன். சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குப் பின்னர் பார்ப்போம் என்ற ஒரு வரிக் குறுஞ்செய்தி வந்தது, ஆள் வரவில்லை. ஏப்ரல் 20ஆம் திகதி வரை பொறுத்திருந்து, படம் பிடித்துக்கொண்டே திறந்தோம். காற்றறைக்குள் ஒயில் தேங்கி நின்றது. இரண்டு பிஸ்டன்கள் கீறுண்டும், ஒரு வெளியேற்று வால்வு வளைந்தும் இருந்தன. ஒயில் கசியாமல் தடுக்கும் புளோவரின் இரு முனை சீல்களும் விறைத்து, பழைய ஒயில் படிந்து கறுத்திருந்தன. புதிய சீல் தொகுதிக்கென ரூபா 96,000 தங்கள் பற்றுச்சீட்டில் அறவிடப்பட்டிருக்கிறது. அந்தச் சீல்களைக் கடந்து வந்த ஒயிலும் வெளியேற வழியின்றிக் காற்றறையிலேயே தங்கிவிட்டது. தங்கள் இடத்தில் நடந்த ஒரு மணிநேரப் பரீட்சார்த்த ஓட்டத்திலேயே அது சேரத் தொடங்கியிருக்கும் என்பது பாஸின் கருத்து. எனக்கும் அது சரியாகவே படுகிறது.

ஊற்றப்பட்ட ஒயிலும் பிழையானது. பற்றுச்சீட்டில் 15டபிள்யூ-40 என்ற பல்தர ஒயில் உள்ளது. இந்த எஞ்சினுக்கு எஸ்.ஏ.ஈ. 40 என்ற ஒற்றைத் தர ஒயிலையே ஊற்ற வேண்டும். அன்றைய சேதத்துக்கு இதைக் காரணமாக நான் காட்டவில்லை. ஆனால் ஒயில் பற்றியும் வடிகுழாய் பற்றியும் தெளிவாக எழுதியிருக்கும் திருத்தற் கைந்நூலின் பிரதியை, வேண்டிய பக்கங்களில் அடையாளத் தாள் வைத்து, றப்பர் வளையம் மாட்டி எஞ்சினுடனேயே கொடுத்திருந்தேன். அது நான் மாட்டிய வளையத்துடன், தாள்கள் அசையாமல் அப்படியே திரும்பி வந்தது.

நேர்மையாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கிராங் தண்டைத் தீட்டிய வேலை மிகச் சிறப்பானது. நாங்கள் அளந்து பார்த்ததில் குறையொன்றும் காணவில்லை. தங்கள் கடைசல் பிரிவில் இருப்பவர் தொழில் தெரிந்தவர். அதனால்தான் கோளாறு அறிவின்மையால் வந்ததைவிடக் கேட்காமல் செய்ததால் வந்தது என்று நினைக்கிறேன்: பூட்டியவர் தமக்குப் புரியாத இரண்டு துண்டுகளைக் கண்டபோது, ஒன்றை அடைத்தார், மற்றதை எறிந்தார்.

வெளியாள் திறந்துவிட்டதால் உத்தரவாதம் இல்லை என்ற பதிலை, பதினெட்டு நாள் அறிவித்தலுக்குப் பின்னரே திறந்தோம் என்ற காரணத்தால் நான் ஏற்கமாட்டேன். பதினேழாவது வரியின் ரூபா 18,500உம், மாற்றப்படாத சீல்களுக்கான ரூபா 96,000உம் எனக்குத் திருப்பித் தரப்பட வேண்டும். பிஸ்டன், லயினர், வால்வு, சீல் ஆகியவற்றைத் தங்கள் செலவில் தருவித்து, எஞ்சினைக் கைந்நூலின்படி மீண்டும் கட்டித் தர வேண்டும். அந்த வேலையின்போது நான் குறிப்பிடும் ஒருவர் கூடவே இருக்க அனுமதிக்க வேண்டும். இதற்கு உடன்படாவிட்டால் வேறிடத்தில் செய்விக்கும் செலவை நட்டஈடாகக் கோருவேன்.

இக்கடிதம் கிடைத்த பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் முறையிடுவதற்கு மூன்று மாத கால எல்லை உண்டு என்பதால், மே மாதம் முடியும் வரை மட்டுமே என்னால் காத்திருக்க முடியும். பற்றுச்சீட்டின் பிரதியும், இரண்டு நாட்களிலும் எடுத்த படங்களும், பதிவுத் தபால் சீட்டின் பிரதியும் இத்துடன் உள்ளன.

அந்தத் தகட்டுக் கதவையும் அதன் தண்டையும் சுருள்வில்லையும் மட்டும் இந்தப் பதினான்கு நாள் தவணைக்குக் காத்திராமல் உடனே தேடித் தரவும். பழைய இரும்போடு விற்றிருந்தால், பஞ்சிகாவத்தையில் எந்தக் கடைக்குப் போனது என்பதையாவது சொல்லுங்கள். நானே போய்க் கிளறி எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
ஸ்கிடரின் உரிமையாளர்