ஒரே தாளில் இரண்டு கையெழுத்து: நம் விமானப் பராமரிப்பு ஹேங்கரின் இரு சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இரு சங்க நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். தனித்தனியாக எழுதினால் யார் கைக்கு முதலில் வந்தது என்று ஒரு தகராறு வரும். ஒரே மடலில் இரண்டு பெயரையும் போட்டால் எது மேலே என்று இன்னொரு தகராறு வரும். அதனால் பெயரே போடவில்லை. ஹேங்கரில் எல்லோரும் சொல்கிற மாதிரி பழைய சங்கம், புது சங்கம் என்றே எழுதுகிறேன். பழையதை முதலில் சொல்வது வயதுக்கான மரியாதை, அதற்குமேல் அதில் அரசியல் தேட வேண்டாம்.

நான் கேட்பது ஒரே ஒரு தாள். அதில் இரண்டு சங்கத்தின் கையெழுத்தும் இருக்க வேண்டும். இரண்டு வரி போதும். கண் கழுவும் கருவியை உடனே சரிசெய்ய வேண்டும் என்பது முதல் வரி. தொழிலாளர் சார்பில் யார் பேசுவது என்பதை ரகசிய வாக்கெடுப்பில் தொழிலாளரே முடிவு செய்யட்டும் என்பது இரண்டாவது.

ஊதிய ஒப்பந்தம் முடிந்து எத்தனை காலமாகிறது, கேட் மீட்டிங்கில் யார் யாரைக் கருங்காலி என்றார்கள், சைக்கிள் ஷெட் போர்டு உடைந்தது எப்படி, இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு ஒப்பந்தப் பையன் கண்ணில் ஹைட்ராலிக் திரவம் பட்ட அன்று இரவு நடந்தது மட்டும் உங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. அதைப் பற்றி நிர்வாகத்துக்கு நீங்கள் கொடுத்த இரண்டு மனுக்களையும் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

புரட்டாசிப் புழுக்கம். நைட் ஷிப்ட். காலை முதல் விமானத்துக்குள் ஒரு பிரேக் யூனிட் மாற்றி முடிக்க வேண்டும். என்னோடு இருந்தவன் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒப்பந்தப் பையன். வீலை இறக்கியாயிற்று. ஹைட்ராலிக் லைனைக் கழற்றினான். அழுத்தம் இறக்கப்பட்டதாக, வேலைப் படிகளைக் குறிக்கும் டாஸ்க் கார்டில் டிக் இருந்தது. லைனில் மிச்சமும் இருந்தது. பீய்ச்சி அடித்தது. கண்ணாடி போட்டிருந்தானா என்று கேட்பீர்கள். போட்டிருந்தான், ஆனால் வியர்வையில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை என்று நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தான். தப்புதான். அந்தத் தப்பை நம்மில் செய்யாதவர் யார்?

ஸ்கைட்ரால் என்கிற அந்த ஹைட்ராலிக் திரவம் கண்ணில் பட்டால் எப்படி இருக்கும் என்று உங்களில் டூல் பிடித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பானர் பிடித்துப் பல வருடம் ஆனவர்களுக்கு நினைவூட்டுகிறேன்: மிளகாய்த்தூள் பட்ட மாதிரி என்பது செல்லப் பேச்சு. பையன் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனைத் தோளில் தாங்கிக்கொண்டு தூணருகே இருக்கும் கண் கழுவும் கருவிக்கு ஓடினேன். மிதியை மிதித்தேன். காற்று வந்தது. அப்புறம் துருக்கலரில் நாலு சொட்டு. அவ்வளவுதான். மேலே ஒட்டியிருந்த சோதனை அட்டையில் போன மாதக் கையெழுத்து மட்டும் அழகாக இருந்தது.

பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஓடும் நீருக்கு எங்கே போவது? ரெஸ்ட் ரூமிலிருந்து குடிதண்ணீர் கேனைத் தூக்கிவந்தோம். அவன் தலையை என் மடியில் சாய்த்து, ஒரு விரலால் இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, டம்ளர் டம்ளராக ஊற்றினேன். "அண்ணே, கண்ணு தெரியாம போயிடுமாண்ணே" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு மூத்த டெக்னீசியன் தன் டூல்பாக்ஸிலிருந்து விளக்கெண்ணெய்ச் சீசாவை எடுத்து வந்தார். பழைய ஆட்கள் இதற்காகவே ஒன்று வைத்திருப்பார்கள். 22 வருடம் முன்பு நான் சேர்ந்தபோது என் கண்ணில் விட்டதும் அதே விளக்கெண்ணெய்தான். நடுவில் எத்தனை ஆடிட், எத்தனை பாதுகாப்பு வாரம்.

பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை, கடவுள் புண்ணியம். பத்து நாள் வேலைக்கு வரவில்லை, பத்து நாள் சம்பளமும் வரவில்லை.

இனி உங்கள் பங்கு. மறுநாளே பழைய சங்கம் மனு கொடுத்தது: சம்பவம் அதிகாலை 2.40க்கு, கருவியில் தண்ணீர் வரவில்லை. அன்று மாலை புது சங்கமும் கொடுத்தது: சம்பவம் 3.15க்கு, ஹேங்கரில் கண் கழுவும் கருவியே கிடையாது. பையனிடமும் யாரும் கேட்கவில்லை, என்னிடமும் யாரும் கேட்கவில்லை. மற்றவர் மனுவில் இருப்பதை நாம் எழுதக்கூடாது என்ற கொள்கைப் பிடிப்பு மட்டும் தெரிகிறது. நிர்வாகத்தின் பதிலை நோட்டீஸ் போர்டில் நீங்களும் பார்த்தீர்கள். இரு மனுக்களின் தகவல்களும் முரண்படுவதால், எந்தச் சங்கம் தொழிலாளரைப் பிரதிநிதித்துவப்படுத்துகிறது என்பது தெளிவான பின் பரிசீலிக்கப்படுமாம். இதைவிட மலிவாக ஒரு நிர்வாகம் தப்பித்து நான் பார்த்ததில்லை. ஒரு பிளம்பரை அனுப்பியிருந்தால்கூட இதைவிட அதிகம் செலவாகியிருக்கும். அந்த மிதியை நேற்றும் மிதித்துப் பார்த்தேன். காற்றுதான்.

ஆனால் கண்ணில் கட்டோடு இருக்கும் அவன் படம் மட்டும் இரண்டு போர்டிலும் உடனே ஏறிவிட்டது. கீழே இரண்டு சங்கத்தின் உறுப்பினர் படிவமும் ஒட்டியிருந்தது. அவன் இரண்டிலும் உறுப்பினர் இல்லை. ஒப்பந்தக்காரனைச் சேர்ப்பதா வேண்டாமா என்று நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.

சரி, பெரும்பான்மைக்கு வருவோம். பழைய சங்கம் நம்மில் 70 சதவீதம் பேர் தன் பக்கம் என்கிறது. புது சங்கம் 60 என்கிறது. கூட்டினால் 130. ஹேங்கரில் இருக்கிற ஆட்களைவிட உறுப்பினர்கள் அதிகம். அதில் பொய் இல்லை என்பதுதான் வேடிக்கை. ஷிப்ட் போடுகிறவர் பழைய சங்கம், ஓவர்டைம் எழுதுகிறவர் புது சங்கம். பிள்ளைகுட்டிக்காரன் என்ன செய்வான்? நானும் இரண்டுக்கும் சந்தா கட்டுகிறேன். ரசீதுகளை எண்ணினால் என் மனதில் இருப்பது தெரியாது. அதற்குத்தான் திரை போட்ட வாக்குப்பெட்டி கேட்கிறேன்.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. இந்திய உணவுக் கழகத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றமே 1995இல் ரகசிய வாக்கெடுப்பு முறையை ஏற்றது. ரயில்வேயில் 2007, 2013, 2024 என்று மூன்று முறை நடந்துவிட்டது. என் அக்கா வீட்டுக்காரர் பெரம்பூர் கேரேஜில் இருக்கிறார். 2024 டிசம்பரில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவர், யாருக்குப் போட்டார் என்று இன்றுவரை அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. அந்தச் சுதந்திரம் எங்களுக்கும் வேண்டும்.

2025 நவம்பர் வரை நமக்கு இருந்த தொழிற்சங்கச் சட்டம் 1926ஆம் ஆண்டுச் சட்டம். அமெரிக்காவில் ரயில்வே தொழிலாளருக்கு வந்து, பிறகு விமானத் துறைக்கும் நீட்டிக்கப்பட்ட சட்டமும் அதே 1926. நம்முடையது சங்கத்தைப் பதிவுசெய்ய வழி சொன்னது, முதலாளி யாரோடு பேச வேண்டும் என்று சொல்லவில்லை. அவர்களுடையது அதையும் சொன்னது. அங்கே விமான மெக்கானிக்குகளுக்காகச் சங்கங்கள் மோதினால் அரசு வாரியம் ஒன்று ஓட்டெடுப்பு நடத்தும். அந்த ஊர் யுனைடெட் விமான நிறுவனத்தில் மெக்கானிக்குகள் 2003இல் மெஷினிஸ்ட் சங்கம் என்ற பெரிய சங்கத்தை விட்டு, விமான மெக்கானிக்குகளுக்கென்றே இருக்கும் ஆம்ஃபா சங்கத்துக்குப் போனார்கள், 2008இல் ஆம்ஃபாவை விட்டு டீம்ஸ்டர்ஸ் சங்கத்துக்குப் போனார்கள். ஓட்டுப் போட்டுத்தான் போனார்கள், போர்டை உடைத்து அல்ல.

ஓட்டோடு எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் நார்த்வெஸ்ட் விமான நிறுவனத்தின் கதையைப் புது சங்கத்து நண்பர்கள் படித்துப் பார்க்க வேண்டும். மெக்கானிக்கின் குரல் பெரிய சங்கத்தில் அமுங்கிப்போகிறது என்று சொல்லி ஆம்ஃபா அங்கேயும் மெஷினிஸ்ட் சங்கத்திடமிருந்து மெக்கானிக்குகளைப் பிரித்தது. சொன்னதில் நியாயம் இருந்தது. நீங்கள் சொல்வதும் அதையேதான், அதிலும் நியாயம் இருக்கிறது. 2005 ஆகஸ்ட் 20 அன்று சுமார் 4,400 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அங்கே பழைய சங்கமான மெஷினிஸ்ட் சங்கத்தில் இருந்த தரைப் பணியாளர்கள் வழக்கம்போல் பெட்டி ஏற்றினார்கள். விமானிகளும் ஓட்டினார்கள். நிறுவனம் முன்கூட்டியே மாற்று ஆட்களைப் பழக்கி வைத்திருந்தது. விமானங்கள் பறந்தன. ஓராண்டுக்கு மேல் இழுத்து, 2006 நவம்பரில் போராட்டம் முடிவுக்கு வந்தபோது அந்த வேலைகளில் வேறு ஆட்கள் இருந்தார்கள். பழைய சங்கத்து அண்ணன்மார்களே, இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. பிரிந்துபோனவன் அடிபடட்டும் என்று வேடிக்கை பார்க்கிற பழக்கம் அமெரிக்காவில் மட்டும் இல்லை.

நிர்வாகம் எங்களை அங்கீகரித்துவிட்டது, அது போதும் என்றும் இருந்துவிட முடியாது. 2010 மே மாத வேலைநிறுத்தத்துக்குப் பின் ஏர் இந்தியா இரண்டு சங்கங்களின் அங்கீகாரத்தை ரத்து செய்ததை மறந்துவிட்டீர்களா? நிர்வாகத்தின் கடிதத்தில் வந்த அங்கீகாரம் அவர்கள் கடிதத்திலேயே போகும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு மீது எனக்கு ஆயிரம் வருத்தம். பாதிப் பேர் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதையும் வேலைநிறுத்தம் என்கிறது. ஆனால் அதில் ஒன்றைக் கவனியுங்கள். வருகைப் பதிவேட்டில் இருப்பவர்களில் 51 சதவீத ஆதரவு உள்ள சங்கம் தனியாகப் பேசலாம். யாருக்கும் 51 இல்லையென்றால் 20 சதவீதமாவது உள்ள சங்கங்கள் சேர்ந்து ஒரு பேச்சுவார்த்தைக் குழுவாக உட்கார வேண்டும். அதாவது நீங்கள் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்காரும் நாள் வரலாம். இப்போதே ஒரு தாளில் பழகிக்கொண்டால் என்ன?

இன்னொன்றும் மனதில் இருக்கிறது, கொட்டிவிடுகிறேன். போன மே தினத்துக்கு ஒரே கேட்டில் பத்தடி இடைவெளியில் இரண்டு கொடிக்கம்பம், இரண்டு மைக். ஒருவர் "உலகத் தொழிலாளர்களே" என்று தொடங்கும்போது மற்றவர் "ஒன்றுபடுங்கள்" என்று முடித்துக்கொண்டிருந்தார். புத்தாண்டுக்கு இரண்டு காலண்டர். ஒன்றில் இருக்கும் விடுமுறை மற்றதில் இல்லை. என் வீட்டம்மா கேஸ் டெலிவரி தேதியை ஒன்றிலும் பால் கணக்கை மற்றதிலும் எழுதுகிறாள். உங்கள் போட்டியால் எங்கள் வீட்டுக்குக் கிடைத்த பயன் இதுவரை அது ஒன்றுதான்.

மன்னியுங்கள், கோபத்தில் கை நீண்டுவிட்டது. கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்டு முடிக்கிறேன். ஒரு தாள், இரண்டு கையெழுத்து. சாஸ்திரி பவனில் உள்ள மத்தியத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்கு ஒரு நகல், நிர்வாகத்துக்கு ஒரு நகல். சம்பவ நேரம் 2.55. கருவி இருக்கிறது, தண்ணீர் இல்லை. பக்கத்தில் இருந்தவன் என்ற முறையில் நானும் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன். பையனின் பத்து நாள் சம்பளத்தையும் ஒரு வரியில் சேர்த்துவிட்டால் புண்ணியமாகப் போகும்.

தாளை டைப் அடித்து கான்டீன் கல்லாவில் கொடுத்து வைத்திருக்கிறேன். கையெழுத்துக்கு மேலே கீழே என்று வராமல் இருக்க, இரண்டு இடத்தையும் பக்கம் பக்கமாகவே விட்டிருக்கிறேன். இடது பக்கம் யார், வலது பக்கம் யார் என்பதை மட்டும் தயவுசெய்து நீங்களே பேசிக்கொள்ளுங்கள். இந்த வாரம் முழுக்க எனக்கு நைட் ஷிப்ட்தான். ஆறரைக்கு முன்னால் யார் வந்தாலும் டீ என் கணக்கு.

இப்படிக்கு,
இரண்டு சங்கத்துக்கும் சந்தா கட்டும் ஒரு டெக்னீசியன்,
மீனம்பாக்கம்