கரும்பு வெட்டு தொடங்குமுன் ஒரு வார்த்தை

நாஷ்வில், அமெரிக்கா,
நவம்பர் 9

அன்புள்ள வேலுச்சாமி,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாமல் இருந்துவிட்டேன். தொலைபேசியில் பேசியது கடிதக் கணக்கில் சேராது என்பாய். சரிதான், என் மேல்தான் தப்பு. லட்சுமிக்கு முழங்கால் தேவலை, படி ஏறுகிறாள். மகளும் மருமகனும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் வீட்டில் நானும் பேத்தியும்தான். அண்ணாச்சி கடை விவகாரம் கேள்விப்பட்டேன். அவர் அப்படித்தான் செய்வார் என்று 1981-லேயே சொன்னேன், நீதான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிணற்று மோட்டாருக்கு அனுப்பிய பணம் வந்ததா என்று எழுது.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. போன ஞாயிற்றுக்கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு இந்த ஊர் உயிரியல் பூங்காவுக்குப் போனேன். "போயும் போயும் சிறைச்சாலைக்கா போனாய்" என்று நீ முறைப்பது இங்கிருந்தே தெரிகிறது. கொஞ்சம் பொறு, முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

படைச்சிறுத்தை என்று ஒரு விலங்கு. மேகாலயாவின் மாநில விலங்கு அதுதான். உடம்பெல்லாம் மழை மேகம் திட்டுத் திட்டாக ஒட்டியது போல இருக்கும். பெரிய ஆணே இருபது கிலோவை ஒட்டித்தான் இருக்கும், ஆனால் உடம்பின் அளவோடு வைத்துப் பார்த்தால் இன்று உயிரோடு இருக்கும் பூனை இனங்களிலேயே நீளமான கோரைப்பல் அதற்குத்தான். மரத்திலிருந்து அணில் போலத் தலைகீழாக இறங்கும். அதைக் காட்டுவதாகச் சொல்லித்தான் பேத்தியைக் கூட்டிப் போனேன். இருபது நிமிடம் நின்றோம். "தாத்தா, உள்ளே ஒன்றுமே இல்லை" என்றாள். பிறகுதான் என் கண்ணில் பட்டது. உயரத்தில், இலை மறைவில், ஒரு கிளையிலிருந்து வால் மட்டும் தொங்கியது. உங்கள் தோட்டத்துக் கமலை வடம் நினைவிருக்கிறதா? அந்தத் தடிமன். கறுப்பு வளையங்கள், நுனி வரை மயிர். நாங்கள் நின்ற முக்கால் மணி நேரத்தில் நுனி ஒரே ஒரு தடவை மடங்கி நிமிர்ந்தது. அவ்வளவுதான் பார்த்தோம்.

பக்கத்தில் பாதையைப் பெருக்கிக்கொண்டிருந்த காப்பாளர் பெண்ணிடம் கேட்டேன், ஏன் இவ்வளவு உயரத்தில் கிளை வைத்தீர்கள், குழந்தைகளுக்குத் தெரியவில்லையே என்று. அந்தப் பெண் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு அரை மணி நேரம் பேசினாள். அவள் சொன்னதில் பாதியை வீட்டுக்கு வந்து படித்தும் பார்த்தேன். அமெரிக்கப் பூங்காக்களில் இருக்கும் படைச்சிறுத்தைகளின் சாணத்தைச் சேகரித்து, மன அழுத்தத்தின்போது சுரக்கும் ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்று அளந்திருக்கிறார்கள். ஆய்வு 2002-ல் வெளிவந்தது. கூண்டு எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு அழுத்தம் குறைவு. பார்வையாளர் கண்ணில் படும்படி வைத்தவற்றுக்கும், வேறு வேட்டையாடும் விலங்குகள் தெரியும்படி வைத்தவற்றுக்கும் அதிகம். காப்பாளர்கள் மாறி மாறி வந்தால் அதிகம், ஒரே ஆள் கூடுதல் நேரம் இருந்தால் குறைவு. அழுத்தம் மிகுந்தவை தம் மயிரைத் தாமே பிடுங்கும், வாலைக் கடித்துக்கொள்ளும்.

அப்போது எனக்கு 1974 கல்லூரிச் சுற்றுலா நினைவுக்கு வந்தது. உனக்கும் வந்திருக்கும். அந்தச் சிறுத்தை ஒரே இடத்தில் திரும்பித் திரும்பி நடந்து, அது திரும்பும் மூலையில் மட்டும் சிமெண்டுத் தரை தேய்ந்து பளபளத்துக் கிடந்ததே. எல்லோரும் கல் விட்டுக் கூச்சல் போட்டபோது நீ அங்கிருந்து போய் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டாய். இரவு சாப்பிடவும் இல்லை. அன்றிலிருந்து உனக்கு எல்லாக் காட்சி சாலையும் ஒன்றுதான். உன்னோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்! அந்தத் தரையைப் பார்த்த பிறகும் சண்டை போட்டேனே என்று இப்போது வெட்கமாக இருக்கிறது. அந்த மாதிரி இடத்தில் அரிய விலங்கு எதையும் ஒரு நாள்கூட வைக்கக் கூடாது. இதில் உன் பக்கம் வந்துவிட்டேன்.

ஆனால் இங்கே நடப்பதை முழுதாகக் கேள். இந்த இனத்தில் ஒரு கொடுமை உண்டு. வளர்ந்த ஆணையும் பெண்ணையும் ஒரே அடைப்பில் விட்டால், பல நேரம் ஆண் பெண்ணைக் கடித்துக் கொன்றுவிடுகிறது. ஒரு வயது நிரம்புவதற்கு முன்பே குட்டிகளை ஜோடி சேர்த்து ஒன்றாக வளர்த்தால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது என்று அனுபவத்தில் கண்டுகொண்டார்கள். தாய்லாந்தின் காவ் கியோ பூங்காவும் அமெரிக்கப் பூங்காக்களும் சேர்ந்து 2002 முதல் இந்த வழியில்தான் இனத்தைப் பெருக்குகின்றன. வளர்ந்த பிறகு ஜோடி சேராதவற்றுக்கு, நம் ஊரில் மாட்டுக்குப் போடுகிறார்களே, அதே சினை ஊசி. 2017 மார்ச் 1-ல் இதே நாஷ்வில் பூங்காவில் ஒரு குட்டி பிறந்தது. தலைநகர் வாஷிங்டனின் தேசிய உயிரியல் பூங்காவில் இருந்த ஆணின் உறைய வைத்த விந்து. உறைந்த விந்தில் பிறந்த முதல் படைச்சிறுத்தைக் குட்டி அதுதான். உன் தம்பியிடம் சொல், சந்தோஷப்படுவான்.

இதற்கெல்லாம் என்ன அவசியம் என்பாய். தைவான் தீவில் இதே விலங்கு இருந்தது. பதின்மூன்று ஆண்டுகள் காடெங்கும் கேமரா வைத்துத் தேடினார்கள், ஒன்றுகூடப் படத்தில் விழவில்லை. அங்கே அது அற்றுப்போய்விட்டது என்று 2013-ல் சொல்லிவிட்டார்கள். காடு இன்னமும் இருக்கிறது வேலு, அதுதான் என்னை உலுக்குகிறது. தோலுக்காகவும் வேட்டைக்காகவும் கொன்று தீர்த்த பிறகு, மரங்கள் மட்டும் நிற்கின்றன. எங்கேயாவது நாலு கூண்டில் நல்லபடியாக இருந்தால், அந்தக் கதவையாவது பூட்டாமல் வைத்திருக்கிறோம் என்று ஆகும். முக்கால் மணி நேரம் வால் மட்டும் தெரிந்தாலும் ஏற்றுக்கொள்கிற பூங்காவாக இருந்தால், நான் டிக்கெட் வாங்கத் தயார்.

ஒன்று மட்டும் தொண்டையில் சிக்கியபடி இருக்கிறது. இங்கே பிறந்த குட்டியைத் தாயிடமிருந்து எடுத்துப் புட்டிப்பால் கொடுத்துத்தான் வளர்க்கிறார்கள். ஜோடி சேர்க்க வசதியாக. தாயே சில சமயம் குட்டியைக் கொன்றுவிடும் என்பதாலும். காரணம் புரிகிறது. ஆனால் அந்தப் பெண் உள்ளங்கையைக் குவித்து, பிறந்தபோது இவ்வளவுதான் இருக்கும் என்று காட்டியபோது எனக்கு ஓலைப்பெட்டிதான் தெரிந்தது.

நாம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை, இல்லையா? நமக்குப் பத்து வயது. உங்கள் கரும்பு வெட்டில் கிடைத்த அந்த இரண்டு வெருகுக் குட்டிகள், காட்டுப்பூனைக் குட்டிகள். வரி வரியாக இருந்தன, வளர்ந்தால் வரி மங்கிவிடும் என்று உன் தாத்தா சொன்னார். பசும்பாலில் தண்ணீர் கலந்து, பஞ்சைத் திரித்து நனைத்து வாயில் வைத்தோம். மூன்றாம் நாள் ஒன்று, ஐந்தாம் நாள் மற்றது. அதற்கு முன்னால் இரண்டு இரவு கிணற்று மேட்டில் ஒரு பூனை கத்தியதே. உன் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்த எனக்கு அது கேட்டது. உனக்கும் கேட்டிருக்கும். பெட்டி நம் தலைமாட்டில் இருந்தது. எழுந்து போய் வரப்பில் வைத்துவிட்டு வந்திருந்தால் போதும். நமக்குத் தெரியவில்லை, தெரிந்தவர் யாரும் சொல்லவும் இல்லை.

அசாமில் கோக்ராஜார் பக்கம் தாயில்லாமல் கிடைத்த இரண்டு படைச்சிறுத்தைக் குட்டிகளை எடுத்து, மனிதர்களே தினமும் காட்டுக்குள் நடத்திப் பழக்கி, மானஸ் காட்டுப் பகுதியில் விட்டிருக்கிறார்கள். படித்தபோது கண் நிறைந்துவிட்டது. அது உண்மையிலேயே தாயை இழந்த குட்டிகளுக்குச் செய்வது. கரும்புக்குள் கிடக்கும் குட்டிக்குத் தாய் இருக்கிறது. வெட்டுகிறவர்களின் சத்தத்துக்குப் பயந்து ஓடியிருக்கும், இருட்டியதும் தேடி வரும்.

தை பிறந்தால் உங்கள் வெட்டு தொடங்கிவிடும். மேஸ்திரியிடம் இப்போதே சொல்லி வை. குட்டி கிடைத்தால் வெறுங்கையால் தூக்க வேண்டாம், யாரும் படம் எடுத்துக்கொண்டு சுற்றி நிற்க வேண்டாம். நாய்களைக் கட்டிப்போடச் சொல். அந்தப் பக்கத்து நாலு பாத்தியை அன்று வெட்டாமல் விட்டுவிடட்டும், கூலியில் என்ன குறைகிறதோ அதை நான் தருகிறேன். மறுநாள் காலையிலும் குட்டி அங்கேயே கிடந்தால் மட்டும் வனத்துறைக்குப் போன் செய். கிணற்று மேட்டுப் பக்கம் வெட்டும் அன்று நீயே போய் நில்.

பேத்தி உனக்கு ஒரு படம் வரைந்திருக்கிறாள், இதோடு வைத்திருக்கிறேன். பச்சையாக இருப்பதெல்லாம் இலை. நடுவில் தொங்குவதுதான் வால்.

அன்புடன்,
சுந்தரம்