பிளேக்கைக் கைநீட்டி வாங்கிக்கொண்டவர்களுக்கு நன்றி

அன்புள்ள ரெய்டு குழுவினருக்கும், குழுவில் இல்லாமலேயே எங்களுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும்,

போன வியாழன் நள்ளிரவு தாண்டிய நேரத்தில், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆன்லைன் கேமின் ஐஸ்கிரவுன் சிட்டடெல் ரெய்டில் (பலர் ஒரு குழுவாகச் சேர்ந்து ஆடும் பெரிய சண்டை), ஹீரோயிக் என்ற கடினமான முறையில், புரொஃபசர் புட்ரிசைட் என்ற பாஸ் (தலைமை எதிரி) நம் கையில் விழுந்தார். அன்றைக்கு டிஸ்கார்டு குரல் அரட்டையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினோம், யார் யாருக்கு நன்றி சொன்னார்கள் என்று யாருக்குமே கேட்டிருக்காது. ரெய்டு லீடர் என்ற முறையில் அதைச் சொல்ல வேண்டியவன் நான். எல்லோரும் பார்க்கும்படி சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறேன். பெயர் யாருடையதையும் போடவில்லை. கிளாஸை, அதாவது ஷாமன், வார்லாக் மாதிரி ஆட்டத்தில் அவரவர் எடுத்த பாத்திர வகையைச் சொன்னாலே அவரவருக்குப் புரிந்துவிடும்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடாத நண்பர்களும் வீட்டுக்காரர்களும் இதைப் படிக்கப் போகிறார்கள். அவர்களுக்காக விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஐஸ்கிரவுன் முதன்முதலில் திறந்தது 2009 டிசம்பரில். நாங்கள் ஆடுவது கிளாசிக் பதிப்பு, அதில் 2023 அக்டோபரில் திறந்தது. எங்களுடையது 10 பேர் ரெய்டு. சாதாரண முறையிலேயே புட்ரிசைட் அறை சிக்கலானது. ஹீரோயிக்கில் அன்பவுண்ட் பிளேக் என்று ஒரு டீபஃப் (பாத்திரத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும் கெடுதல்) கூடுதலாக வரும். அது யாராவது ஒருவர் மேல் வந்து உட்காரும், மந்திரம் போட்டு (டிஸ்பெல்) எடுக்க முடியாது. ஆயுள் 60 நொடி. முதல் சில நொடிகள் அடி லேசாக இருக்கும். பிறகு நொடிக்கு நொடி ஏறிக்கொண்டே போய், உயிரை ஏற்றித் தரும் எந்த ஹீலராலும் தாங்க முடியாத அளவுக்கு வந்துவிடும். அதற்குள் இன்னொருவர் பக்கத்தில் வந்து நின்றால் அவருக்குத் தாவும். அவரிடம் அடி மறுபடி முதலிலிருந்து, லேசாக ஆரம்பிக்கும், ஆனால் 60 நொடிக் கணக்கு விட்ட இடத்திலிருந்துதான் ஓடும். கொடுத்தவருக்கு பிளேக் சிக்னஸ் என்ற இன்னொன்று ஒரு நிமிடம் ஒட்டியிருக்கும். அது இருக்கும்போது பிளேக் திரும்ப அவரிடமே வந்தால் 250 சதவீதம் கூடுதல் அடி. ஆள் பிழைக்க மாட்டார்.

இதைக் கணக்காகப் போட்டுக் காட்டியவர் எங்கள் ஷாமன் அக்கா. முதல் நன்றி அவருக்குத்தான். ஆளுக்குச் சுமார் 10 நொடி சுமந்தால் ஒரு பிளேக்கை முடிக்க ஆறு பேர் வேண்டும், ஒருவர் இரண்டு முறை வாங்க முடியாது. பத்து பேரில், பாஸின் அடியை வாங்கி நிற்கும் டேங்க் இருவரைக் கழித்தால் எட்டு. பச்சை ஊஸ் என்ற சேற்று உருவம் ஒருவரை நின்ற இடத்தில் கட்டிப்போட்டிருக்கும், கேஸ் கிளவுட் என்ற ஆரஞ்சு வாயு மேகம் இன்னொருவரைத் துரத்திக்கொண்டிருக்கும். மீதி சரியாக ஆறு. மிச்சமே இல்லை! அந்த ஆறு பேரில் ஒருவர் செத்தாலும் அடுத்த பிளேக் நம்மைக் கவிழ்த்துவிடும் என்று அக்கா முதல் நாளே சொன்னார். அதன் பிறகுதான் ‘யார் கையில் வந்தாலும் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுங்கள்’ என்ற பேச்சை விட்டோம்.

அக்கா ஒரு கோடு போட்ட நோட்டுத் தாளில் பால்பாயிண்ட் பேனாவால் அறையை வரைந்து, போட்டோ எடுத்துக் குழுவில் போட்டார். மேலே புட்ரிசைடின் மேசை, கீழே கதவு, ஒரு பக்கம் பச்சைச் சுவர், எதிரே ஆரஞ்சுச் சுவர். நடுவில் பாஸ். கிட்ட நின்று அடிக்கும் மெலிக்காரர்களுக்கு அவர் முதுகுப் பக்கம் ஓர் அரை வட்டம். தூரத்திலிருந்து அடிக்கும் ரேஞ்ச் ஆட்கள் நால்வரும் கதவுப் பக்கம் வரிசையாக, ஒருவருக்கொருவர் நல்ல இடைவெளி விட்டு. இரண்டு இடத்தில் மட்டும் பெருக்கல் குறி போட்டிருந்தார், பிளேக் கைமாறும் இடங்கள் அவை. வேறு எங்கும் யாரும் யாரையும் உரசிக்கொண்டு போகக் கூடாது. அந்தப் போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது.

ரெய்டு நேரத்தில் எண்ணிக்கை சொன்னதும் அக்காதான். ஹீல் பண்ணிக்கொண்டே, டேங்க் உயிரைப் பார்த்துக்கொண்டே, “வார்லாக் கையில… எட்டு… மேஜ் கிளம்புங்க… வாங்கியாச்சு, வார்லாக் விலகு” என்று ஒரே சீராகச் சொல்லுவார். குரல் ஏறவே ஏறாது. பிளேக் கையில் இருக்கும்போது ஹெல்த் பார் சரசரவென்று இறங்குவதைப் பார்த்தால் யாருக்கும் கை பதறும். அந்தக் குரல்தான் எங்களை நின்ற இடத்தில் நிற்க வைத்தது. லண்டனில் வேலை முடித்து வந்து உட்காருகிற அக்காவுக்கு அது இரவு 8 மணி என்றால், சென்னையில் எங்களுக்கு அப்போது விடியற்காலை 1:30. அந்த நேரத்தில் எனக்கே கண் சொருகும். அக்காவின் எண்ணிக்கை ஒருநாளும் பிசகியதில்லை.

அடுத்து வார்லாக் தம்பி. குழுவிலேயே வயதில் சின்னவன். எல்லோரும் செய்வதுபோல நாங்களும் பிளேக் வந்தவரைத்தான் ஓடச் சொல்லிக்கொண்டிருந்தோம். வந்தவர் பதற்றத்தில் குறுக்கே ஓடுவார், வழியில் யாரையாவது தொட்டுவிடுவார், வரிசை குலையும். இவன்தான் சொன்னான்: “அண்ணா, இருக்கறவங்க அசையவே வேண்டாம். வாங்கப் போறவங்க மட்டும் நடந்து வரட்டும்.” கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் எங்கள் ரெய்டையே மாற்றியது இந்த ஒரு வரிதான். பிளேக் வந்தவர் குறிக்குப் போய் அங்கேயே நிற்பார். அடுத்தவர் எண்ணிக்கை கேட்டுத் தானாக வந்து வாங்குவார். கொடுத்தவர் தன் இடத்துக்குத் திரும்பிவிடுவார். ஒரு நேரத்தில் ஒருவர்தான் நடப்பார் என்பதால் தவறிப்போய்த் தொடுவது கிட்டத்தட்ட இல்லாமலே போனது. தம்பி டீமானிக் சர்க்கிள் என்ற தன் மந்திர வட்டத்தைக் கதவோரம் போட்டு வைத்துக்கொண்டு, கொடுத்த நொடியில் டெலிபோர்ட் ஆகிப் போய்விடுவான். அதைப் பார்த்துத்தான் ஹண்டரும் டிஸ்எங்கேஜ் போட்டுப் பின்னால் தாவி விலகப் பழகினார்.

வலி வந்தவன் ஓடுவது இயல்பு. வலி இருக்கும் இடம் தெரிந்து, தானே நடந்துபோய் அதை வாங்கிக்கொள்வதற்கு மனசு வேண்டும். மேஜ், ஹண்டர், ரோக், டெத் நைட், பிரீஸ்ட், வார்லாக், நீங்கள் ஒவ்வொருவரும் அதைச் செய்தீர்கள். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே முக்கியமாக இதற்காகத்தான்.

இதில் டெத் நைட் அண்ணனைத் தனியாகச் சொல்ல வேண்டும். மெலி ஆள் பிளேக் வாங்க வேண்டுமென்றால் பாஸை விட்டு வெளியே வர வேண்டும். போய் வரும் நேரம் முழுக்க டேமேஜ் போச்சு. அன்றைக்கு யார் எவ்வளவு டேமேஜ் அடித்தார் என்று காட்டும் மீட்டரில் அவர் பெயர் கடைசியில் இருந்தது. ஆனால் சண்டைப் பதிவுகளைக் காட்டும் வார்கிராஃப்ட் லாக்ஸ் தளத்தில் பிளேக் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று எடுத்துப் பார்த்தால், ஐந்தாவது கையாக ஒவ்வொரு முறையும் அவர் நேரத்துக்கு வந்து நின்றிருக்கிறார். அந்த லாக்கை எல்லோரும் ஒருமுறை திறந்து பாருங்கள். எந்த மீட்டரும் காட்டாத வேலை அது.

பச்சை ஊஸ் வரும் நேரத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் கதை பாதிதான். அது ஒருவரைக் கட்டிப்போட்டுவிட்டு அவரை நோக்கி நகரும், தொட்டவுடன் வெடிக்கும். அந்த அடியைப் பங்கு போட்டுக்கொள்ள எல்லோரும் அவரைச் சுற்றி நெருங்கி நிற்க வேண்டும். பிளேக்கோ எல்லோரும் விலகி நில் என்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால்? வெடிப்பு ஆட்களைத் தூக்கியும் எறியும், யார் யார்மேல் போய் விழுவார்கள் என்று சொல்ல முடியாது. இதற்கு நாம் கண்ட வழி, பிளேக் கையில் இருப்பவர் கூட்டத்துக்கே வரக்கூடாது, அடுத்து வாங்க வேண்டியவரும் கூட்டத்துக்குப் போகாமல் அவர் பக்கமே இருந்துவிட வேண்டும் என்பது. அப்படியென்றால் அடியைப் பங்கு போட இரண்டு பேர் குறைவு. அந்த இரண்டு பேர் பங்கையும் மற்றவர்கள் தாங்குமளவு ஷீல்டு போட்டு வைத்தது பிரீஸ்ட். நீங்கள் அதிகம் பேச மாட்டீர்கள் என்று தெரியும் சார், ஆனால் வெடிப்புக்கு முன்னால் எல்லோர் மேலும் அந்த ஷீல்டு விழுந்திருக்கும். நான் அதைக் கேட்க வேண்டியிருந்ததே இல்லை.

வாரியர் தம்பி அபாமினேஷன் என்ற பூதமாக மாறி, தரையில் பரவும் பச்சைச் சேற்றைத் தின்று தின்று இடம் ஒழித்துக் கொடுத்தான். சேறு பெருகினால் அக்கா போட்ட குறிகளுக்கே இடமிருக்காது. எங்கே பிளேக் கைமாறப் போகிறதோ அந்தப் பக்கத்துச் சேற்றை முதலில் தின்பது அவனாகவே எடுத்த முடிவு. பாலடின் டேங்க் அண்ணா பாஸை ஓரடி கூடத் தேவையில்லாமல் நகர்த்தவில்லை. பாஸ் நகர்ந்தால் அத்தனை பேர் இடைவெளியும் மாறிவிடும் என்பதைப் புரிந்து ஆடும் டேங்க் கிடைப்பது அபூர்வம். பாஸின் உயிர் 35 சதவீதத்துக்குக் கீழே போன பிறகு மூன்றாம் கட்டத்தில் இரண்டு டேங்குகளும் மாறி மாறி வாங்கிய அடி தனிக் கதை, அதை நேரில்தான் பேச வேண்டும்.

மேஜ் அண்ணனுக்கு இன்னொரு நன்றி பாக்கி. 2005-லிருந்து ஆடுபவர். பயிற்சி சலித்துப்போன ஓர் இரவில் அவர் ஹக்கார் கதையைச் சொன்னார். அந்த வருடம் செப்டம்பர் 13 அன்று ஸுல்குருப் ரெய்டு திறந்தபோது, அங்கே பாஸாக இருந்த ஹக்கார் போட்ட கரப்டட் பிளட் என்ற டீபஃப் பக்கத்தில் நிற்பவருக்கெல்லாம் தொற்றியது. அது அந்தச் சண்டையோடு முடிந்திருக்க வேண்டியது. ஹண்டர்களின் வளர்ப்பு விலங்குகள் மேல் ஒட்டிக்கொண்டு ஊருக்குள் வந்து, பெரிய நகரங்களில் ஆட்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தார்கள். 2007-ல் எரிக் லாஃப்கிரென், நீனா ஃபெஃபர்மேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் லான்செட் இன்ஃபெக்‌ஷஸ் டிசீசஸ் இதழில் இதைப் பற்றிக் கட்டுரையே எழுதினார்கள். நிஜத் தொற்று நேரத்தில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று படிக்க இது உதவுமா என்ற கேள்வி. அண்ணன் அன்று எந்தத் தெருவில் நின்றிருந்தார், உதவ ஓடி வந்த ஹீலர்கள் எப்படி அவர்களே சுமந்து பரப்பினார்கள் என்று சொல்லச் சொல்ல, எங்களில் ஒருவரும் மைக்கை அணைக்கவில்லை. நல்லெண்ணத்தோடு தவறான நேரத்தில் நெருங்கி வருவதும் ஆபத்துதான் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் மனதில் பதிந்தது. மறுநாளிலிருந்து, முறை வராதவர்கள் ‘உதவி’க்கு ஓடி வருவது நின்றுபோனது.

வெளியிலிருந்து உதவியவர்களும் இருக்கிறார்கள். நம் சர்வரிலேயே 25 பேர் ரெய்டு நடத்தும் ஒரு கில்டின் (ஆட்டக்காரர் குழு) ஹீலர், முன்பின் தெரியாத நமக்காகத் தன் ஓய்வு நாளில் வந்து இரண்டு மணி நேரம் நம் வீடியோவைப் பார்த்து, யார் எங்கே அரையடி தள்ளி நிற்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்காகச் சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியாது, ரோக் இதை மொழிபெயர்த்துக் கொடுத்துவிடுவார். ஆட்டத்தோடு சேர்த்துக்கொள்ளும் வீக்ஆராஸ் ஆட்-ஆனை எழுதியவர்கள், பிளேக் யார் கையில், யாருக்கு இன்னும் சிக்னஸ் என்று திரையில் காட்டும் அமைப்பை இலவசமாகப் பகிர்ந்த யாரோ ஒருவர், எல்லோருக்கும் கும்பிடு.

கடைசி மூன்று வாரமும் வெளியே உட்கார்ந்திருந்த எங்கள் இரண்டாவது ஹண்டருக்கு. இடம் இல்லை என்று தெரிந்தும் ஒவ்வொரு இரவும் டிஸ்கார்டில் இருந்தீர்கள். ஆட்டத்துக்குள் பலம் கூட்டும், ரெய்டுக்குத் தேவையான ஃபிளாஸ்க், மீன் விருந்து எல்லாம் செய்து அனுப்பினீர்கள். சென்னையில் எங்கள் ஹண்டரின் ஏரியாவில் ஒரு நாள் கரண்ட் போனபோது அடுத்த நிமிடமே உள்ளே வந்து அவர் இடத்தில், அவர் வரிசை எண்ணில் நின்றீர்கள். ஒத்திகை இல்லாமலே சரியான குறியில் நின்றதை எல்லோரும் பார்த்தோம்.

நடுராத்திரியில் “வாங்கு, வாங்கு, விலகு” என்று கத்தியதைப் பொறுத்துக்கொண்ட வீட்டுக்காரர்களுக்கும் நன்றி. அம்மா, கதவைச் சாத்திவிட்டுத்தான் ஆடுகிறேன், இனி ஹெட்செட் மைக்கையும் வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.

வரும் வியாழன் பிளட் குயீன் லானதெல் என்ற அடுத்த பாஸின் ஹீரோயிக். அங்கே கைமாற வேண்டியது கடி. கடிபட்டவர் நேரம் முடிந்ததும் இன்னொருவரைக் கடித்தாக வேண்டும், தவறினால் எதிரிப் பக்கம் போய்விடுவார். கடிபட்டவர் எண்ணிக்கையும் ஒவ்வொரு சுற்றும் இரட்டிக்கும். ஷாமன் அக்கா, கடி வரிசையை நீங்கள்தான் போட வேண்டும். நோட்டுத் தாளில் வரைந்தாலே போதும். புதன் ராத்திரிக்குள் குழுவில் போட்டுவிடுங்கள், எல்லோரும் பார்த்துவிட்டு வருகிறோம்.

நிறைந்த அன்புடன்,
உங்கள் பூம்கின் (ரெய்டு லீடர்)