மாத்திரையை இழுப்பறையில் வைத்துவிட்ட நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்றபின் புத்தகங்களையெல்லாம் அடுக்கத் தொடங்கியிருக்கிறாய் என்பதும், பேத்தி தளர்நடை போடுகிறாள் என்பதும் மனத்துக்கு நிறைவாக இருந்தன. ஆனால் கடைசிப் பக்கத்தில் நான்கே வரிகளில் எழுதியிருந்தாயே, அந்தச் செய்தியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 196 என்று வந்திருக்கிறது, மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார், நீ அதை இழுப்பறையில் வைத்துவிட்டு, "சாப்பாட்டிலேயே குறைத்தாயாமே, எப்படி?" என்று என்னிடம் கேட்கிறாய். நான் குறைத்தது உண்மைதான். எப்படி என்பதை ஒன்றுவிடாமல் சொல்கிறேன். ஆனால் என் கணக்கும் உன் கணக்கும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகையால் கடைசிவரை படித்துவிட்டு முடிவு செய்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் எனக்கு வந்த முதல் அறிக்கையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 252, நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். 44, இரத்தத்திலுள்ள இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 170, எல்.டி.எல். 174. பயந்துபோய், கொழுப்பு என்று பெயர் சொல்லக்கூடிய எதையும் அன்றிலிருந்தே நிறுத்தினேன். வெண்ணெய், முட்டை, கொட்டைகள், எண்ணெய் எல்லாம் போயின. ஆனால் வயிறு சும்மா இருக்குமா? அந்த இடத்தை வெள்ளை ரொட்டியும், கொழுப்பில்லாதது என்று உறையில் எழுதியிருந்த பிஸ்கட்டும், வேளைக்கொரு குவளை பழச்சாறும் நிரப்பின. மூன்று மாதம் துறவியைப்போல வாழ்ந்துவிட்டு மறுபடியும் இரத்தம் கொடுத்தேன். எல்.டி.எல். 160க்கு இறங்கியிருந்தது. ஆனால் டிரைகிளிசரைடு 245க்கு ஏறி, எச்.டி.எல். 38க்குச் சரிந்திருந்தது. இத்தனை பட்டினிக்கு இதுவா பலன் என்று அன்று மனம் கசந்தது. மருத்துவர் அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கேட்ட ஒரே கேள்வி, "எதை விட்டீர்கள் என்று சொன்னீர்கள், அதற்குப் பதிலாக என்ன சாப்பிட்டீர்கள்?" என்பதுதான். எனக்கு விஷயம் விளங்கத் தொடங்கியது அந்தக் கேள்வியில்தான்.

நம் உடலிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி தட்டிலிருந்து நேராக இரத்தத்துக்குப் போவதில்லை. உடலே அதை உண்டாக்குகிறது, அதில் கல்லீரலுக்குப் பெரும் பங்கு உண்டு. இரத்தத்தில் சுற்றும் எல்.டி.எல். துகள்களைத் திரும்பப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வதும் அதே கல்லீரல்தான். அதற்கென்று அதன் செல்களின் மேற்பரப்பில் ஏற்பிகள் இருக்கின்றன. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்து அவை வேலை செய்யும் விதத்தை விளக்கிய மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. வெண்ணெய், கொழுப்பு மிகுந்த இறைச்சி போன்றவற்றில் நாம் உண்ணும் நிறைவுற்ற கொழுப்பு இந்த ஏற்பிகளின் செயலை மந்தமாக்கிவிடுகிறது, அதனால் எல்.டி.எல். வெளியேற வழியின்றி இரத்தத்திலேயே நெடுநேரம் தங்கி, காலப்போக்கில் இரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து படிகிறது. நிறைவுற்ற கொழுப்பின் இடத்தில், கொட்டைகளிலும் சூரியகாந்தி, ஆலிவ் போன்ற எண்ணெய்களிலும் உள்ள நிறைவுறாக் கொழுப்பை வைத்தால் அந்த ஏற்பிகள் மீண்டும் சுறுசுறுப்பாகின்றன. அதே இடத்தில் சர்க்கரையையும் தீட்டிய மாவையும் வைத்தாலோ, எல்.டி.எல்.லில் கிடைக்கும் சிறு லாபத்தை டிரைகிளிசரைடு தின்றுவிடுகிறது. நான் செய்த தவறு இதுதான். நீ முட்டையை நிறுத்திவிட்டுக் காலையில் ஜாம் தடவிய ரொட்டி சாப்பிடுவதாக எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் என் பழைய அறிக்கை கண்முன் வந்து நின்றது.

எனவே இரண்டாவது முறை ஒவ்வொரு பொருளை எடுக்கும்போதும் அந்த இடத்தில் எதை வைக்கிறேன் என்று எழுதி வைத்துக்கொண்டேன். எல்.டி.எல். உயர்ந்தவர்கள் நிறைவுற்ற கொழுப்பை மொத்த ஆற்றலில் 5 முதல் 6 விழுக்காட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அமெரிக்க இதயச் சங்கத்தின் அறிவுரை. ஒரு நாளைக்கு 2000 கலோரி உண்பவருக்கு அது ஏறத்தாழ 13 கிராம். ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயிலேயே 7 கிராம் போய்விடுகிறது என்று தெரிந்தபோதுதான் அளவு எவ்வளவு சிறியது என்பது உறைத்தது. வெண்ணெய், பாலாடை, கொழுப்பு மிகுந்த இறைச்சி, பாமாயில், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றை மிகவும் குறைத்து, சமையலுக்குச் சூரியகாந்தி, ஆலிவ் போன்ற எண்ணெய்களுக்கு மாறினேன். நான் அஞ்சி ஒதுக்கிய பாதாமும் அக்ரூட்டும், உப்புச் சேர்க்காமல், தினமும் ஒரு கைப்பிடி என்று திரும்பி வந்தன. இறைச்சி இருந்த இடத்துக்கு வாரத்தில் பல நாள் பயறும் பருப்பும் சோயாவும் வந்தன. வனஸ்பதி போன்ற, பகுதியளவு ஹைட்ரஜனேற்றிய எண்ணெய்களை மட்டும் குறைக்கவில்லை, அடியோடு விட்டேன். அவற்றிலுள்ள டிரான்ஸ் கொழுப்பு எல்.டி.எல்.லை ஏற்றுவதோடு எச்.டி.எல்.லையும் இறக்கிவிடுகிறது. அதில் இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது.

இனி நார்ச்சத்து. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவிடு, ஏனென்றால் என்னை உண்மையிலேயே வியக்க வைத்தது இதுதான். கல்லீரல் கொலஸ்ட்ராலைக் கொண்டு பித்த அமிலங்களைச் செய்து குடலுக்கு அனுப்புகிறது. கொழுப்பைச் செரிக்க உதவியபின் அவற்றில் பெரும்பகுதி மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்புகிறது. ஓட்ஸ், பார்லி, பயறுகள், ஆப்பிள், ஆரஞ்சு, கத்தரிக்காய், வெண்டைக்காய், இசப்கோல் உமி ஆகியவற்றிலுள்ள கரையும் நார்ச்சத்து தண்ணீரில் ஊறிக் கூழாகி, அந்தப் பித்த அமிலங்களைத் திரும்ப விடாமல் பிடித்து வெளியே கொண்டுபோய்விடுகிறது. இழந்ததை ஈடுகட்டப் புதிதாகப் பித்த அமிலம் செய்தாக வேண்டிய கல்லீரல், மூலப்பொருளுக்காக இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்கிறது. ஓட்ஸிலும் பார்லியிலும் உள்ள பீட்டா குளுக்கான் என்னும் நார் ஒரு நாளைக்கு 3 கிராம் கிடைத்தால் எல்.டி.எல். ஏறத்தாழ 5 விழுக்காடு குறைகிறது. அதற்குச் சுமார் 75 கிராம் ஓட்ஸ் போதும். தாவரங்களில் உள்ள, கொலஸ்ட்ராலை ஒத்த பொருளான தாவர ஸ்டெரால் சேர்த்த உணவுகளில் நாளொன்றுக்கு 2 கிராம் ஸ்டெரால் கிடைத்தால் 8 முதல் 10 விழுக்காடு வரை இறங்குகிறது. ஆனால் அவசரப்பட்டு ஒரே நாளில் நார்ச்சத்தைக் கூட்டிவிடாதே. வயிறு உப்பிச் சிரமப்படுவாய். இரண்டு மூன்று வாரத்தில் சிறுகச் சிறுகக் கூட்டு. தண்ணீர் நிறையக் குடி. இசப்கோல் எடுத்துக்கொண்டால் மற்ற மருந்துகளோடு சேர்த்து விழுங்காமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடு.

இவை எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தால் என்ன ஆகும் என்று டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் என்பவரின் குழு சோதித்துப் பார்த்தது. கொட்டைகள், சோயா, கரையும் நார், தாவர ஸ்டெரால் ஆகிய நான்கையும் கூட்டிய உணவை அளந்து கொடுத்தபோது ஒரே மாதத்தில் எல்.டி.எல். 29 விழுக்காடு அளவுக்கு இறங்கியது. 2003இல் வெளிவந்த அந்த ஆய்வில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் லோவாஸ்டாட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்குக் கிடைத்தது 31 விழுக்காடு. இதைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஆனால் அதே குழு 2011இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வையும் நீ அறிந்துகொள்ள வேண்டும். அதில் உணவைக் கையில் கொடுக்கவில்லை. ஆலோசனை மட்டும் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்துக் கிடைத்தது 13, 14 விழுக்காடுதான். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் நம்மைப் போன்றவர்களின் அன்றாட வாழ்க்கை இருக்கிறது. என் மூன்றாவது அறிக்கையில் எல்.டி.எல். 136, எச்.டி.எல். 43, டிரைகிளிசரைடு 140. அதாவது எல்.டி.எல்.லில் 22 விழுக்காடு குறைவு. அன்று முதல் இன்றுவரை சற்றே ஏறியும் இறங்கியும் அந்த அளவிலேயே நிற்கிறது.

முட்டையைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தாய். உணவிலுள்ள கொலஸ்ட்ரால் பெரும்பாலோருக்கு நிறைவுற்ற கொழுப்பு செய்யும் அளவுக்குக் கெடுதல் செய்வதில்லை. நாளைக்கு 300 மில்லிகிராம் என்று இருந்த வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டி 2015 பதிப்பில் கைவிட்டார்கள். ஆனாலும் உன் அளவுக்கு எல்.டி.எல். உள்ளவர் மஞ்சள் கருவைக் குறைத்துக்கொள்வது நல்லது என்றே நான் எண்ணுகிறேன். காப்பியை விட வேண்டாம். காகித வடிகட்டியில் வடித்துக் குடி. கொதிக்க வைத்து வடிகட்டாமல் குடிக்கும் காப்பியில் கஃபெஸ்டால் என்றொரு பொருள் இருக்கிறது, அது எல்.டி.எல்.லை ஏற்றக்கூடியது, காகிதம் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

நடையைப் பற்றிப் பலரும் மிகையாக நம்புகிறார்கள். வாரத்தில் 150 நிமிடம் வேகமாக நடப்பதால் டிரைகிளிசரைடு இறங்கும், எச்.டி.எல். சிறிது ஏறும், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுப்படும், ஆனால் எல்.டி.எல்.லில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்காதே. அதற்காக நடப்பதை விட்டுவிடாதே. இடுப்புச் சுற்றளவு குறைவதும், இரவு நன்றாக உறங்குவதும் அதனால்தான் எனக்குக் கிடைத்தன. நீ புகையை விட்டுப் பல ஆண்டுகளாகிவிட்டன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறுதல். அதைவிடப் பெரிய நன்மை எதையும் உன் இதயத்துக்கு நீ செய்திருக்க முடியாது.

இப்போது உன் கணக்குக்கு வருகிறேன். என்னைப் போலவே உனக்கும் 22 விழுக்காடு குறைந்தாலும் 196 என்பது 153 ஆகத்தான் நிற்கும். அது போதாது, நண்பா. வேறொன்றும் என்னை உறுத்துகிறது. உன் அண்ணன் 46 வயதில் மாரடைப்பில் போனார். அந்த இரவு நாம் இருவரும் மருத்துவமனை வாசலில் நின்றிருந்ததை நான் மறக்கவில்லை. எல்.டி.எல். 190க்கு மேல் இருந்து, நெருங்கிய இரத்த உறவில் இளவயதில் மாரடைப்பும் வந்திருந்தால், அது பரம்பரையாக வரும் உயர் கொலஸ்ட்ராலாக இருக்கக்கூடும் என்று மருத்துவர்கள் ஐயப்படுவார்கள். சுமார் 250 பேரில் ஒருவருக்கு இது உண்டு. அவர்களில் பெரும்பாலோருக்குப் பிறப்பிலேயே அந்த ஏற்பிகள் போதுமான அளவு வேலை செய்வதில்லை. அவர்கள் எவ்வளவு ஒழுங்காக உண்டாலும் எண் ஓர் அளவுக்குக் கீழே இறங்காது. அது அவர்களுடைய குற்றமும் அல்ல, மன உறுதிக் குறைவும் அல்ல. உனக்கு அப்படித்தான் என்று சொல்ல நான் மருத்துவன் இல்லை. ஆனால் அண்ணனின் செய்தியை உன் மருத்துவரிடம் சொன்னாயா என்பதை உன் கடிதத்திலிருந்து அறிய முடியவில்லை. சொல்லவில்லையென்றால் இந்த வாரமே போய்ச் சொல். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் எல்.டி.எல். ஏறும் என்பதால், அந்தப் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்.

மாத்திரை என்றால் தோல்வி என்று நீ எண்ணுவதுபோல் உன் எழுத்தில் ஒரு தொனி இருக்கிறது. ஜப்பானில் அகிரா எண்டோ என்ற அறிஞர் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, 1973இல் ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த பொருளிலிருந்து தொடங்கியது, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகளின் கதை. கல்லீரல் கொலஸ்ட்ரால் உண்டாக்குவதை அது தடுக்கிறது. அந்தக் குறையை ஈடுகட்டக் கல்லீரல் மேலும் ஏற்பிகளை வளர்த்து இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுக்கிறது. நார்ச்சத்து வேறு வழியில் செய்யும் வேலையையே இதுவும் செய்கிறது. ஆகையால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. இதய நோய் இருந்த 4,444 பேரிடம் நடத்தி 1994இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஸ்டாட்டின் எடுத்தவர்களிடையே இறப்பு 30 விழுக்காடு குறைந்தது. தசைவலி வரும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். சிலருக்கு வருவதுண்டு, ஆனால் யாருக்கு எது என்று தெரியாமல் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் வெற்று மாத்திரை விழுங்கியவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்கு வலி என்று சொல்லியிருக்கிறார்கள். வலி வந்தால் மருத்துவரிடம் சொல். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். நீயாக இழுப்பறைக்குள் வைக்காதே.

நான் உண்ணும் முறையை நீயும் தொடங்கு. ஆனால் மாத்திரைக்குப் பதிலாக அல்ல, அதோடு சேர்த்து. தொடங்கி நான்கு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபரிசோதனை செய்ய வேண்டியிருக்கும். அந்த அறிக்கையின் நான்கு எண்களையும் எனக்கு எழுது, எல்.டி.எல். ஒன்றை மட்டும் எழுதி நிறுத்தாதே. பரம்பரைக் காரணம் என்று உறுதியானால் உன் மகளுக்கும் அது இருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அவளும் இரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். உனக்குத் தயக்கமாக இருந்தால் சொல், சிறு வயதில் என் தோளில் ஏறி விளையாடியவள்தானே, அவளிடம் நானே பேசுகிறேன்.

என்றும் உன் அன்பு நண்பன்